விழித்திரையில் துரு ஏறாமல் காப்பது எப்படி?

திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரக் கை பட்ட தகடு, எண்ணெய் காட்டாமல் விட்ட நெம்புகோல், ஐப்பசி மழையில் மூலையில் கிடந்த சாவி, எல்லாவற்றையும் ஆக்ஸிஜன் மெல்ல மெல்லத் தின்றுவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு நேர்கிற இதே கதைதான் நம் கண்ணின் பின்சுவரிலும் நடக்கிறது.

விழித்திரை என்பது அந்தப் பின்சுவரில் ஒட்டியிருக்கும், அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத திசு. ரெட்டினா என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். எடைக்கு எடை பார்த்தால் உடம்பில் மிக அதிகமாக ஆக்ஸிஜனை எரிக்கும் திசுக்களில் இதுவும் ஒன்று. இதன் ஒளியுணர் செல்களைச் சுற்றியிருக்கும் உறையில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு நிறைய உண்டு. அதன்மேல் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வெளிச்சம் விழுகிறது. கடலை எண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் வெயிலில் வைத்தால் நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா? ஆக்ஸிஜன், கொழுப்பு, வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான். இதை ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்கிறார்கள். உடம்புக்குத் தன்னையே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வயதும் புகையும் சர்க்கரையும் சேர்ந்து அந்த ஏற்பாட்டை மீறிவிடும்போது செல்கள் சாகத் தொடங்குகின்றன. செத்த விழித்திரைச் செல் திரும்ப முளைப்பதில்லை. இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு கோட்பாடு போதும்.

முதலில் வரிசையைப் பிடியுங்கள்

நம்மில் பெரும்பாலோர் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறோம். மருந்துக் கடையில் ‘கண்ணுக்கு நல்லது’ என்று ஒரு மாத்திரைப் பட்டையை வாங்கிவிட்டு, சர்க்கரையையும் பீடியையும் அப்படியே விட்டுவிடுகிறோம். வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. கண்ணின் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்வது
2. புகையிலையை விடுவது
3. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பிடிக்குள் கொண்டுவருவது
4. தீங்கு செய்யும் ஒளியைத் தடுப்பது
5. தட்டில் சரியானதை வைப்பது
6. மருத்துவர் சொன்னால் மட்டும் மாத்திரை

மேலே இருப்பதைச் செய்யாமல் கீழே இருப்பதைச் செய்தால் பலன் மிகக் குறைவு. ஆறாவதுக்கு நீங்கள் போகவேண்டிய தேவையே வராமலும் இருக்கலாம்.

படி 1: இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

*வீட்டில் செய்யும் கட்டச் சோதனை*

விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாதான் படிக்கவும், முகம் பார்க்கவும், ஊசியில் நூல் கோக்கவும் உதவுகிறது. அங்கே கோளாறு தொடங்கினால் நேர்க்கோடு நெளிந்து தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஆம்ஸ்லர் கட்டம் என்ற எளிய சோதனை உண்டு. நீங்களே வரைந்துகொள்ளலாம்.

1. வெள்ளைத் தாளில் பக்கத்துக்கு 10 செ.மீ. இருக்கும்படி ஒரு சதுரம் போடுங்கள்.
2. குறுக்கும் நெடுக்கும் 5 மி.மீ. இடைவெளியில் கறுப்பு மையால் கோடுகள் இழுங்கள். மொத்தம் 400 சின்னக் கட்டங்கள் வரும். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டால் இன்னும் சுலபம்.
3. சரியாக நடுவில், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள்.
4. படிக்கும் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.
5. நல்ல வெளிச்சத்தில், ஓரடி ஸ்கேல் நீளத்துக்குத் தாளைத் தள்ளிப் பிடியுங்கள்.
6. இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை அழுத்தக் கூடாது.
7. வலது கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். பார்வையைப் புள்ளியிலிருந்து நகர்த்தாமலே கவனியுங்கள்: எல்லாக் கோடுகளும் நேராக இருக்கின்றனவா? ஏதாவது ஒரு மூலை காணாமல் போகிறதா? நடுவில் மங்கலாக, அழுக்குப் படிந்ததுபோல் தெரிகிறதா?
8. கண்ணை மாற்றிச் செய்யுங்கள்.
9. கோடு நெளிந்தாலோ கட்டம் மறைந்தாலோ அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, தேதி எழுதி, அந்த வாரத்துக்குள்ளேயே கண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

குறிப்பு: தாளைத் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒரு நாள், தாள் கிழிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். 50 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இது நல்ல பழக்கம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பது. ஒரு கண்ணில் உள்ள குறையை மற்றது மூடி மறைத்துவிடும். எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். ஒருநாள் தூசி விழுந்து வலது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோதுதான், திறந்திருந்த இடது கண்ணுக்கு வாசற்கால் வளைந்து தெரிவதைக் கவனித்தார். “கதவு இறங்கிப் போச்சுடா, ஆசாரியைக் கூப்பிடு” என்றார். ஆசாரி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, “நிலை நேராத்தானுங்க இருக்கு” என்று சொன்ன பிறகே மருத்துவமனைக்குக் கிளம்பினோம். எத்தனை மாதமாக அந்தக் கண் அப்படி இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஐம்பது வருடமாகச் சுருட்டுப் பிடித்தவர்.

*மருத்துவமனையில்*

வீட்டுச் சோதனை நடுப்பகுதியைத்தான் சொல்லும். சர்க்கரை நோயின் பாதிப்பு ஓரங்களிலும் தொடங்கலாம். அதனால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, உள்ளே பார்க்கும் பரிசோதனை வேண்டும்.

1. யார் போகவேண்டும்? சர்க்கரை நோய் (இரண்டாம் வகை) கண்டுபிடித்த அன்றே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள். சர்க்கரை இல்லாதவரும் 40 வயதுக்கு மேல் ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.
2. எங்கே? திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திண்டுக்கல்லிலும் கிளை உண்டு. லேசரோ அறுவையோ தேவைப்பட்டால் மதுரை ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.
3. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று பைக் ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே வாருங்கள்.
4. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், பழைய கண் சீட்டு மூன்றையும் ஒரே பையில் வையுங்கள்.
5. கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: விழித்திரையில் பாதிப்பு இருக்கிறதா? எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அடுத்து எப்போது வர வேண்டும்?

சொட்டு மருந்து விட்டு வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். “கண்ணைத் திறக்காதீங்கம்மா, மூடியே வச்சிருங்க” என்று செவிலியர் சொல்லிக்கொண்டே போவார். முதலில் கொஞ்சம் எரியும். பக்கத்தில் இருப்பவர் “எனக்கு நல்லாத்தான் தெரியுது, எதுக்கு இதெல்லாம்” என்பார். இந்த வார்த்தையை நம்பாதீர்கள். கடைசி வரியைத் தடையில்லாமல் படிக்கிறவரின் விழித்திரையிலும் சர்க்கரைப் பாதிப்பு இருக்கலாம். பார்வை குறைந்த பிறகு வருகிறவருக்குச் செய்ய முடிவது, அதற்கு முன்னால் வருகிறவருக்குச் செய்ய முடிவதைவிடக் குறைவு.

*உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்*

கீழே உள்ளதில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது:

- திடீரென்று கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிவது
- கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது
- ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பது
- வலியே இல்லாமல் ஒரு கண்ணில் பார்வை சட்டென்று போவது

கடைசியாகச் சொன்னதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நடு இரவானாலும் கிளம்புங்கள்.

படி 2: புகையிலையை விடுங்கள்

இதைத் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு எழுதுவது எளிதல்ல. சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் பெயர் வாங்கிய ஊர் இது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்று அமைந்தது. அந்தப் பயிரால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனாலும் விழித்திரையைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வயதானபின் வரும் மாக்குலா சிதைவுக்கு, நம் கையில் இருக்கும் காரணங்களில் மிகப் பெரியது புகைதான். புகைக்கிறவருக்கு அந்த ஆபத்து, புகைக்காதவரைவிட இரண்டு மடங்கு முதல் நாலு மடங்குவரை. ஒவ்வொரு இழுப்பிலும் ஆக்ஸிஜனேற்றம் செய்யும் நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைத் தடுக்க உடம்பு சேர்த்துவைத்திருக்கும் வைட்டமின் சி-யும் அதில் கரைகிறது.

1. ஒரு தேதி குறியுங்கள். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். வீட்டில் சொல்லிவிடுங்கள்.
2. அந்தத் தேதிக்கு முந்தைய இரவு பீடிக்கட்டு, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.
3. எந்த நேரத்தில் கை தேடுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் டீக்கடை, சாப்பாட்டுக்குப் பின், வேலை இடைவேளை. அந்த மூன்று நேரத்துக்கும் மாற்று ஏற்பாடு வையுங்கள். டீயை வீட்டில் குடிப்பது, சாப்பிட்டவுடன் நடப்பது, வாயில் ஒரு கிராம்பு.
4. புகைவிடுவோருக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. கூப்பிடுங்கள். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கேட்கலாம்.
5. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கடினம். தவறி ஒன்று பிடித்துவிட்டால் அன்றே மறுபடி தொடங்குங்கள். அடுத்த தேதிக்குத் தள்ளாதீர்கள்.

‘பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொள்கிறேன்’ என்பது மாற்று ஆகாது. வாய்ப்புற்று ஒருபக்கம் இருக்க, சத்துக் குறைவும் மதுவும் சேரும்போது புகையிலை பார்வை நரம்பையே கெடுக்கும். விறகு அடுப்பின் புகையும் அடுக்களையில் நிற்கும் பெண்களுக்குக் கெடுதல்தான். காஸ் அடுப்புக்கு மாற முடியாத வீட்டில் ஜன்னலைத் திறந்தாவது வையுங்கள்.

படி 3: சர்க்கரையும் அழுத்தமும்

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் விழித்திரையின் நுண்குழாய்ச் செல்களுக்குள் அது அளவுக்கு மீறி எரிந்து, நச்சுத் துகள்களை உண்டாக்குகிறது. துரு உள்ளிருந்தே பிடிப்பதுபோல.

இங்கே கிடைக்கும் பலன் அளந்து பார்க்கப்பட்டது. 1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முடிந்த பெரிய ஆய்வு ஒன்றில், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்தபோது விழித்திரைப் பாதிப்பு தொடங்கும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. எந்த மாத்திரைப் பட்டையும் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

1. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி சோதனையை மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். பெரும்பாலோருக்கு இலக்கு 7-க்குக் கீழே. வயதானவருக்கும், அடிக்கடி சர்க்கரை இறங்கிவிடுகிறவருக்கும் மருத்துவர் வேறு இலக்குச் சொல்லலாம்.
2. ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ஏற்கெனவே பலவீனமான குழாய் கசியும்.
3. மாத்திரை தீர்ந்து நாலு நாள் இடைவெளி விடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.
4. சாப்பிட்டபின் 15 நிமிடம் நடங்கள். மலைக்கோட்டையைச் சுற்றி வரத் தேவையில்லை, தெரு முனைவரை போய்த் திரும்பினாலே போதும்.

எச்சரிக்கை: பல வருடம் 11, 12 என்று ஏறி நின்ற அளவை ஒரே மாதத்தில் வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பாதித்த விழித்திரை சில மாதம் மோசமாவதுண்டு. அதற்காகச் சர்க்கரையை விட்டுவைக்க வேண்டும் என்று பொருள் இல்லை. இன்சுலின் தொடங்கும் முன்னாலும் தொடங்கிய சில மாதத்திலும் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: தீங்கு செய்யும் ஒளி

*வெல்டிங் பட்டறையில்*

திண்டுக்கல்லைச் சுற்றிப் பூட்டு, பீரோ, கிரில் என்று இரும்பு வேலை நடக்காத பக்கம் இல்லை. ஆர்க் வெல்டிங்கின் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்பகுதியைச் சுடும். அன்று இரவு மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்துவது அதனால்தான். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, அதே வெளிச்சத்தின் நீலப்பகுதி விழித்திரைவரை போகிறது என்பது. அங்கே உறுத்தல் கிடையாது, வலி கிடையாது. காயம் மட்டும் இருக்கும்.

1. சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். எண் பொறிக்காத கண்ணாடியை வாங்காதீர்கள்.
2. கீறல் விழுந்த, விரிசல் விட்ட கண்ணாடியை அன்றே மாற்றுங்கள்.
3. ‘ஒரு பொட்டுதானே’ என்று கவசத்தைத் தூக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைக்கிற பழக்கத்தை விடுங்கள். நாளுக்கு நாற்பது பொட்டு அப்படித்தான் வைக்கிறோம்.
4. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கும் தனிக் கவசம் கொடுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் மேஸ்திரிக்கு மட்டும்தான் கவசம், பையனுக்கு ஒரு துண்டு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பதினெட்டு வயதுக்காரனுக்கு முன்னால் இன்னும் ஐம்பது வருடப் பார்வை இருக்கிறது.
5. தெருவைப் பார்த்திருக்கும் பட்டறைக்குத் தடுப்புத் தகரமோ தார்ப்பாயோ கட்டுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பொறியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

*கிரகணம்*

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியை ஒட்டி, திண்டுக்கல் வானத்தில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2031 மே 21 அன்று தென் தமிழகத்துக்கு மறுபடி ஒரு கங்கண கிரகணம் வருகிறது. சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரையின் நடுவில் ஒளியே வேதிவினை செய்து செல்லைக் கெடுக்கும். வலி தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நடுவில் கறுப்புப் பொட்டுத் தெரியும்.

எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், கரி பூசிய கண்ணாடி, சாணித் தண்ணீரில் விழும் பிம்பம், எதுவும் பாதுகாப்பு இல்லை. பட்டறையில் உள்ள 10, 11 எண் கண்ணாடியும் சூரியனுக்குப் போதாது, 14 வேண்டும். கிரகணம் பார்ப்பதற்கென்றே தரச்சான்றுடன் விற்கும் கண்ணாடி கிடைத்தால் அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். புளியமரத்தடியில் போய் நின்றாலே இலை இடுக்கு வழியாக நூற்றுக்கணக்கான பிறைகள் மண்ணில் விழும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

*வெயில், விளையாட்டுப் பொருள், செல்போன்*

வயலிலும் சாலையிலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள், பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை முன்விளிம்பு உள்ள தொப்பி போடுவது நல்லது. தலையில் சுற்றிய துண்டு கண்ணுக்கு நிழல் தருவதில்லை. கறுப்புக் கண்ணாடி வாங்கினால் ‘யூவி 400’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். வெறும் கறுப்பு மட்டும் இருந்தால் இருட்டில் கண்மணி விரிந்து, புற ஊதாக் கதிர் உள்ளே அதிகம் போகும்.

திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். கண்ணுக்குள் நேராக அடித்தால் சில நொடியிலேயே விழித்திரையில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

செல்போன் வெளிச்சம் விழித்திரையைக் கெடுப்பதாக நிரூபணம் இல்லை. அதற்கென்று விற்கும் நீலத்தடுப்புக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அந்தக் காசுக்குக் கொய்யா வாங்கலாம்.

படி 5: தட்டில் என்ன?

மாக்குலாவின் நடுவில் மஞ்சள் நிறமி ஒன்று படிந்திருக்கிறது. லூட்டின், ஸியாஸாந்தின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தது அது. நீல ஒளியை வடிகட்டுவதும், உண்டான நச்சுத் துகளை அணைப்பதும் அதன் வேலை. இதை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கரும்பச்சைக் கீரை, மஞ்சள் மக்காச்சோளம், முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றில் இருக்கிறது. மாத்திரைக்கான லூட்டினைச் செண்டுமல்லிப் பூவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். நிலக்கோட்டைப் பக்கம் விளைந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடை கூடையாகக் குவியும் அதே பூதான். பூவைத் தின்ன வேண்டியதில்லை, கீரை போதும்.

*முருங்கைக்கீரைப் பொரியல், கண்ணுக்காகச் செய்யும் முறை*

1. கீரையை உருவும் முன் கிளையோடு அலசுங்கள். உருவிய பிறகு நெடுநேரம் தண்ணீரில் ஊறவிடாதீர்கள்.
2. வாணலியில் ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி, கடுகு, உளுந்து, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளியுங்கள்.
3. ஒரு ஆளுக்கு இரண்டு கைப்பிடி கீரையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மிதமான தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடம். கீரை சுருண்டு, பச்சை மாறாமல் இருக்கும்போதே இறக்குங்கள். மூடிவைத்து வேகவைத்தால் கறுத்துவிடும், கசக்கும்.
4. தேங்காய்த் துருவல் சேர்த்துப் புரட்டுங்கள். இஷ்டப்பட்டால் ஒரு முட்டையை உடைத்து ஊற்றலாம்.

இரண்டாவது படியை எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடாதீர்கள். லூட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையில் அது சரியாக உடம்பில் ஒட்டாமல் போகும். வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒரு கீரை இருக்கட்டும். முருங்கையே தினம் வேண்டும் என்பதில்லை, அரைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

*பச்சையாக ஒன்று*

வைட்டமின் சி-க்கு விதி நேர்மாறு. சூட்டில் அழியும், பச்சையாகவே சாப்பிட வேண்டும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 45 பேருக்குமேல் இரத்தத்தில் வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. ஆயக்குடிக் கொய்யா மூட்டை மூட்டையாக வெளியூர் போகும் மாவட்டத்தில் இந்தப் பற்றாக்குறை இருக்கக் கூடாது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்குமேல் வைட்டமின் சி உண்டு. ஒரு நாள் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நெல்லிக்காய் அதையும் மிஞ்சும்.

- சர்க்கரை உள்ளவர்கள் செங்காயாக இருக்கும் கொய்யாவில் பாதி எடுத்துக்கொள்ளலாம். ஜூஸாகப் பிழிந்து குடிக்கக் கூடாது.
- பல் இல்லாத பெரியவர்களுக்குக் கொய்யாவை மசித்து, விதையை வடித்துக் கொடுங்கள்.
- எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள்.

கொடைக்கானல் கேரட் நல்லதுதான். ஆனால் அது மாலைக்கண்ணைத் தடுக்கும் வைட்டமின் ஏ-வுக்காக. அதில் லூட்டின் குறைவு, கீரைக்குப் பதிலாகாது. மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இருமுறை மத்தியோ நெத்திலியோ குழம்பாக வையுங்கள்.

எச்சரிக்கை: இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இருவரும் மருத்துவரைக் கேட்டபிறகே இந்தப் படியைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. கீரைச் சாறு, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால், எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். அவை விழித்திரைவரை போவதில்லை. கிருமியைத்தான் கொண்டுபோகும்.

படி 6: மாத்திரை யாருக்கு?

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மாக்குலா சிதைவு நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கு வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் அடங்கிய மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் முற்றிய கட்டத்துக்குப் போகும் ஆபத்துச் சுமார் 25 சதவீதம் குறைந்தது. 2013-இல் வந்த அடுத்த ஆய்வு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. ஸியாஸாந்தினும் சேர்க்கச் சொன்னது. புகைப்பவர்களுக்கும் முன்பு புகைத்தவர்களுக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதே காரணம். அதே ஆய்வில் மீன் எண்ணெய் மாத்திரை கூடுதல் பலன் தரவில்லை.

1. மருத்துவர் ‘நடுக்கட்ட மாக்குலா சிதைவு’ என்று சொன்னால் மட்டுமே இந்த மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். நோயே இல்லாதவருக்கு இது நோயைத் தடுத்ததாகக் காட்டப்படவில்லை. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கும் இது மருந்தல்ல.
2. பட்டையின் பின்னால் உள்ள அளவைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் இருந்தால், புகைத்த பழக்கம் உள்ளவர் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.
3. துத்தநாகம் வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி அளவைச் சொல்லிக் கேளுங்கள்.
4. மாத்திரை தொடங்கினாலும் வாராந்திரக் கட்டச் சோதனை தொடர வேண்டும்.

பெரியப்பா அந்த இடது கண்ணில் படிக்கும் பார்வையை இழந்தார். வலது கண் தப்பியது. சுருட்டை விட்டு, வாரம் தவறாமல் கட்டம் பார்த்து, மருத்துவர் சொன்ன கண் ஊசியைப் போடவேண்டிய நேரத்தில் போட்டுக்கொண்டதால் கடைசிவரை அந்தக் கண்ணில் செய்தித்தாள் படித்தார். கட்டம் போட்ட ஒரு தாளும் ஒரு பேனாவும் உங்கள் வீட்டில் இப்போதே இருக்கும். இந்தப் பக்கத்தை மூடியவுடன் எடுத்து வரையுங்கள், வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் ஒரு கண்ணை மூடச் சொல்லிக் காட்டுங்கள்.